சோரியாசிஸுக்கு பயாலஜிக் ஊசி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: டாக்டர், நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 41. சோரியாசிஸ் வந்து 12 வருடம். தலை, முழங்கை, முதுகு என்று வெயில் காலத்தில் குறையும், மார்கழியில் ஏறும். பழகிவிட்டது. ஆனால் எட்டு மாதமாக வலது கை மோதிர விரல் சேப்பங்கிழங்கு மாதிரி வீங்கி நிற்கிறது. காலையில் எழுந்தால் கத்தரி பிடிக்கும் அளவுக்குக் கை மடங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. வாரம் ஒரு நாள், ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். தோல் பாதி அடங்கியது, விரல் அடங்கவில்லை. வலி தாங்காத நாளில் மெடிக்கலில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை தருவார்கள், போட்டால் அரை நாளில் சரியாகிவிடும். இப்போது டாக்டர் பயாலஜிக் ஊசி போட வேண்டும் என்கிறார். அதைப் போட்டால் டி.பி. வரும், கேன்சர் வரும், ஆயுசுக்கும் விட முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். என் அண்ணனுக்கு இரண்டு வருடம் முன்பு டி.பி. வந்தது, ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாமியார் வெட்பாலைத் தைலமே போதும் என்கிறார். செலவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? பத்தாவது படிக்கும் என் மகளுக்கும் இது வருமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் பயப்படுவது ஊசிக்கு. படித்துக்கொண்டே வந்த எனக்கு ஊசி பயமாகத் தெரியவில்லை. எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்தியது. அப்புறம் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.

முதலில் விரலைப் பார்ப்போம். 12 வருடம் உங்களுக்கு இருந்தது தோல் நோய். அது எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும், எவ்வளவு அரித்தாலும், அடங்கும்போது தழும்பு வைக்காமல் அடங்கும். அதனால் தோலுக்கு இந்த மாதம் வைத்தியம் செய்தாலும் அடுத்த வருடம் செய்தாலும் தோல் பெரிதாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இப்போது அதே சோரியாசிஸ் மூட்டிலும் இறங்கியிருப்பதாகத் தெரிகிறது, மூட்டு அப்படி இல்லை. வீக்கம் உள்ளே இருக்கும்வரை எலும்பின் ஓரத்தை அரித்துக்கொண்டே இருக்கும், அரித்த எலும்பு திரும்ப வளராது. அயர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2015ல் வெளிவந்தது. மூட்டு நோய் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்து மூட்டு மருத்துவரிடம் வந்தவர்களுக்கு, சீக்கிரம் வந்தவர்களைவிட எலும்பு அரிப்பும் கைகால் முடக்கமும் கூடுதலாக இருந்தன. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. கத்தரி பிடித்துப் பிழைக்கிறவர் நீங்கள், வலது கை மோதிர விரல் வேறு.

சோரியாசிஸ் உள்ளவர்களில் அதிகபட்சம் பத்தில் மூன்று பேருக்கு இந்த மூட்டு நோய் வரும் என்பது கணக்கு, பெரும்பாலும் தோலில் வந்து பல வருடம் கழித்துத்தான் வரும். நீங்கள் எழுதியிருப்பது பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது: ஒரு மூட்டு மட்டும் வீங்காமல் முழு விரலும் உப்புவது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடமான குதிகாலில் வலி. நகத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா, நகம் தோலைவிட்டுத் தூக்கிக்கொண்டு மஞ்சளாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை எடுத்து "நெகட்டிவ், உங்களுக்கு வாதம் இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பி உட்காராதீர்கள். அந்த டெஸ்ட் முடக்குவாதத்துக்கு. சோரியாசிஸ் மூட்டு நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும்.

மெத்தோட்ரெக்சேட்டைக் குறை சொல்ல மாட்டேன். மலிவு, பழகிய மருந்து, தோலுக்கு நன்றாகவே கேட்கும், கை மூட்டுகளுக்கும் ஓரளவு கேட்கும். ஆனால் குதிகால் மாதிரியான இடங்களில் அதன் கை ஓங்குவதில்லை. சரியான அளவில் மூன்று நான்கு மாதம் கொடுத்தும் விரல் வற்றவில்லை என்றால் அடுத்த படிக்குப் போவதுதான் முறை. உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை, சரியான நேரத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, அந்த வெள்ளை மாத்திரை. அட்டையைப் பார்க்காமல் நான் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் மூட்டு வீக்கம் அரை நாளில் வற்றுகிறது, விட்டால் திரும்புகிறது, மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தருகிறார்கள் என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சோரியாசிஸ்காரர் கண்டபடி சாப்பிடக் கூடாத மாத்திரை ஒன்று உண்டென்றால் இதுதான். சாப்பிடும்போது தோல் பளபளவென்று ஆகும், நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மூர்க்கமாகத் திரும்பும். சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளமாகப் பூத்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலை வரும். நான் வார்டில் பார்த்த அப்படிப்பட்ட நோயாளிகளில் பாதிப் பேராவது ஏதாவது பொடி, ஏதாவது ஊசி, ஏதாவது "வலி மாத்திரை" என்று ஒரு கதை வைத்திருந்தார்கள். நாட்டு மருந்து என்று விற்கிற சில பொடிகளிலும் இதைக் கலக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையைத் தூக்கி எறியவும் வேண்டாம். எப்போதாவது ஒன்று போட்டவர் என்றால் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் தினமும் போட்டவர் என்றால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உண்மையில் எத்தனை போட்டீர்கள் என்பதை அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இனி ஊசிக்கு வருகிறேன்.

பயாலஜிக் என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். மாத்திரைகள் ரசாயனக் கூட்டாகச் செய்யப்படுகின்றன, இவை உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிடமிருந்து எடுக்கிற புரதங்கள். விலை கூடுவதற்கும், வாயால் சாப்பிட முடியாமல் ஊசியாகவே போடுவதற்கும் அதுதான் காரணம், சாப்பிட்டால் முட்டையையும் பருப்பையும் போல வயிறு செரித்துவிடும். அடலிமுமாப், செகுகினுமாப் என்று பெரும்பாலும் 'மாப்' என்றே முடிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மோனோக்ளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே ரக எதிர்ப்புப் புரதம், என்பதன் சுருக்கம் அது. 1975ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு பேர் ஒரே ரக ஆன்டிபாடியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து உற்பத்தி செய்ய வழி கண்டார்கள், 1984ல் அதற்கு நோபல் கிடைத்தது. இன்று உங்கள் டாக்டர் சீட்டில் எழுதும் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. சோரியாசிஸில் உங்கள் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கவில்லை, கூடிப்போய் திசை தப்பியிருக்கிறது. வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பி, தோலை வேகமாக வளரச் சொல்லியும் மூட்டை வீங்கச் சொல்லியும் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் மொத்தக் கூட்டத்தின் சத்தத்தையும் குறைக்கிறது. பயாலஜிக் ஒரு குறிப்பிட்ட சேதியை மட்டும் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. டி.என்.எஃப். என்ற சேதியைப் பிடிப்பவை எட்டனெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப். இன்டர்லூக்கின் 17ஐப் பிடிப்பவை செகுகினுமாப், இக்செகிசுமாப். இன்டர்லூக்கின் 23ஐப் பிடிப்பது குசெல்குமாப். 12ஐயும் 23ஐயும் சேர்த்துப் பிடிப்பது உஸ்டெகினுமாப். பெங்களூர் கம்பெனி ஒன்று கொண்டுவந்த இட்டோலிசுமாப் என்று ஒன்று 2013ல் நம் நாட்டில் வந்தது, அது தோலுக்கானது, உங்கள் விரலுக்கு நான் அதை நினைக்க மாட்டேன்.

டி.பி. பயம் பொய்யில்லை. யார் சொன்னாரோ அவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் நிறையப் பேர் உடம்பில் டி.பி. கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. நோய் இல்லை, இருமல் இல்லை, பிறருக்குப் பரவாது. உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றி ஒரு மதில் கட்டி உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. அந்த மதிலைக் கட்டிக் காப்பதில் டி.என்.எஃப்.க்குப் பெரிய பங்கு. அதையே நாம் ஊசியால் தடுத்தால் மதில் தளரும், கிருமி வெளியே வரும். இன்ஃப்ளிக்சிமாப் புழக்கத்துக்கு வந்த புதிதில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்த தகவல்களைத் தொகுத்தபோது 70 பேருக்கு டி.பி. வந்திருந்தது, 2001ல் அது வெளியானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே, நெறிக்கட்டியிலும் வயிற்றிலும் மற்ற இடங்களிலும் வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஊசிக்கு முன் டி.பி. பரிசோதனை என்பது கட்டாயம் போல ஆனது.

நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். இந்த ஊசிகள் நம் பக்கம் வந்த ஆரம்ப வருடங்களில், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி ஒருவருக்கு ஊசி ஆரம்பித்தேன். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார், மேலே துருவவில்லை. மூன்றாவது மாதம் கழுத்தில் நெறி கட்டி மாலைக் காய்ச்சலோடு வந்தார். அவருடைய அப்பாவுக்கு டி.பி. இருந்ததை அப்போதுதான் அவர் மனைவி சொன்னார். மருந்து கொடுத்துக் குணமானது, ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நோயாளியோடு வரும் பெண்களிடம்தான் கேட்கிறேன்.

நீங்கள் கேட்காமலே அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், அது எனக்குப் பெரிய உதவி. உங்களுக்கு எக்ஸ்ரே மட்டும் போதாது. கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் மான்டூ டெஸ்ட், அல்லது இக்ரா என்ற ரத்த டெஸ்ட், முடிந்தால் இரண்டுமே செய்ய வேண்டும். அந்த வெள்ளை மாத்திரை இங்கும் வந்து இடிக்கிறது பாருங்கள்: ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது கிருமி இருந்தாலும் இந்த டெஸ்டுகள் "இல்லை" என்று காட்டிவிடலாம். அதனால்தான் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவ்வளவு வற்புறுத்தினேன். தூங்கும் கிருமி இருப்பது தெரிந்தால் ஊசியே கூடாது என்று அர்த்தமில்லை. தடுப்பு மருந்து இருக்கிறது, ஐசோனியாசிட் ஆறு மாதம் தினமும், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு தடவையாக 12 வாரம். பெரும்பாலும் தடுப்பு மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆனதும் பயாலஜிக்கைத் தொடங்கிவிடுவோம். ஒரே எச்சரிக்கை, மெத்தோட்ரெக்சேட்டும் ஐசோனியாசிட்டும் இரண்டுமே கல்லீரலைத் தொடுபவை, ரத்தத்தில் கல்லீரல் டெஸ்டை அடிக்கடி பார்க்க வேண்டும். நீங்கள் குடிப்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பழக்கம் இருந்தால் சனிக்கிழமை சம்பள நாளும் சேர்த்து நிறுத்த வேண்டும்.

எந்த ஊசி என்பதை உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இருந்தாலும் என் மனதில் ஓடுவதைச் சொல்கிறேன். வீட்டில் டி.பி. இருந்தது, தோலிலும் இருக்கிறது, விரலிலும் குதிகாலிலும் இருக்கிறது என்றால் நான் இன்டர்லூக்கின் 17 வகையை முதலில் யோசிப்பேன். டி.என்.எஃப். வகையோடு ஒப்பிட்டால் டி.பி.யைக் கிளப்பிவிடும் ஆபத்து அதில் மிகக் குறைவு, தோலும் வேகமாகச் சுத்தமாகும். (அதற்காக டெஸ்ட் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.) ஆனால் உங்களுக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், குடல் புண் நோய் என்று ஏதாவது இருந்தால் இந்த வகை ஆகாது, குடலைக் கெடுக்கும். அதேபோல் கண் திடீரென்று சிவந்து, வெளிச்சம் பார்த்தால் கூசி வலித்திருந்தால் சொல்லுங்கள், அப்போது அடலிமுமாப் பக்கம் தராசு சாயும். டி.என்.எஃப். வகைக்கு இதயம் பலவீனமாக இருப்பவர்களும், நரம்பு உறை கெடும் நோய் உள்ளவர்களும் ஆகாது. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் பி, சி, அப்புறம் எச்.ஐ.வி. டெஸ்டுகள் எந்த வகைக்கும் எடுப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் எடுப்பதுதான்.

கேன்சர் விஷயம் டி.பி. மாதிரி இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊசிகள் புழக்கத்தில் உள்ளன, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பேரைப் பதிவேட்டில் வைத்துத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். மொத்தத்தில் உள்ளுறுப்புக் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை. டி.என்.எஃப். வகையில் மெலனோமா என்ற கொடிய வகை அல்லாத தோல் புற்று கொஞ்சம் கூடலாம் என்கிறார்கள், அதிலும் வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் பயம் அதிகம். ஏற்கெனவே கேன்சர் வந்தவர் என்றால் கதை வேறு, கேன்சர் டாக்டரையும் கேட்டுத்தான் முடிவெடுப்போம். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றால் இந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடலாம். நான் அன்றாடம் பார்க்கிற தொல்லைகள் சாதாரணமானவை: சளி, தொண்டை வலி, ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, இன்டர்லூக்கின் 17 வகையில் வாயிலோ தொடை இடுக்கிலோ பூஞ்சை. காய்ச்சல் அடிக்கும் நாளில் ஊசி போடக் கூடாது, டாக்டருக்கு போன் செய்துவிட்டுத் தள்ளிப்போட வேண்டும். சளிக் காய்ச்சல், நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகளை ஊசி ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகளை ஊசி ஓடும் காலத்தில் போடக் கூடாது.

"ஆயுசுக்கும் விட முடியாதாமே?" என்பதற்கு நேரான பதில்: இது நோயைக் கட்டி வைக்கிறது, வேரோடு பிடுங்கவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் ஸ்டீராய்டை நிறுத்தியது போல மறுநாளே வெடிக்காது, பெரும்பாலும் சில மாதத்தில் மெல்லத் திரும்பும். நீண்ட நாள் அமைதியாக இருப்பவர்களுக்கு இடைவெளியை நீட்டிப் பார்ப்பதும் உண்டு, அதை டாக்டர் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக் கூடாது. காரணம் சொல்கிறேன், இது முக்கியம். ஊசியில் இருப்பது வெளியிலிருந்து வந்த புரதம். விட்டு விட்டுப் போட்டால் உங்கள் உடம்பு அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு அதற்கே எதிர்ப்பு உண்டாக்கிவிடலாம், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் இரண்டிலும் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அப்புறம் அதே ஊசியைப் போட்டால் தண்ணீர் போட்ட மாதிரிதான். மனைவியின் வளையலை அடகு வைத்து நாலு ஊசி போட்டு, தோல் சுத்தமானதும் "போதும்" என்று நிறுத்தி, ஒரு வருடம் கழித்து மறுபடி நாலு போட்டு, பலிக்கவில்லையே என்று வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அதனால் பணத்துக்கு வழி பார்க்காமல் முதல் ஊசியைப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பணக் கணக்கை இப்படிப் போடுங்கள். விலை கம்பெனிக்குக் கம்பெனி, கடைக்குக் கடை மாறுகிறது, நான் இங்கே ஒரு எண் எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும். ஆனால் ஊசி எண்ணிக்கை மாறாது. அடலிமுமாப் என்றால் தோலுக்கும் சேர்த்து முதல் நாள் 40 மி.கி. ஊசி இரண்டு, அடுத்த வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆக முதல் வருடம் 28, அதன்பின் வருடம் 26. செகுகினுமாப் 300 மி.கி. என்றால் முதல் ஐந்து வாரம் வாரம் ஒரு தடவை, பிறகு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 150 மி.கி. ஊசி இரண்டு, ஆக முதல் வருடம் 32 ஊசி, அடுத்த வருடத்திலிருந்து 26. சிலருக்கு 150 மி.கி.யே போதும், அப்போது பாதி. "ஒரு ஊசி எவ்வளவு" என்று கேட்காமல் "முதல் வருடம் மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள், எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். அடலிமுமாப்பின் முதல் நகல் மருந்து உலகத்திலேயே முதலில் நம் நாட்டில்தான் 2014 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது, மூல மருந்தின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் அது. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. நகல் என்றால் போலி என்று நினைக்க வேண்டாம், நானே தாராளமாக எழுதுகிறேன்.

பனியன் கம்பெனியில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பிடிக்க வேண்டும். கார்டு இருந்தால் முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள், உங்களுக்குப் பக்கத்தில் கோவை சிங்காநல்லூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கையெழுத்து, பரிந்துரைக் கடிதம் என்று அலைச்சல் இருக்கும், இரண்டு மூன்று நாள் வேலை கெடும், ஆனால் வருடம் முழுக்க வரும் செலவுக்கு அந்த அலைச்சல் பெரிதில்லை. தனியார் காப்பீடு இருந்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் சொன்ன நவீன சிகிச்சைகளில் மோனோக்ளோனல் ஆன்டிபாடி ஊசியும் அடக்கம் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள், உச்சவரம்பு எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள். இப்போது புதிதாகப் பாலிசி எடுத்தால் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம், உங்கள் விரலுக்கு அது உதவாது. இதெல்லாம் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் தோல் பிரிவிலும் மூட்டு வாதப் பிரிவிலும் கேளுங்கள். மருந்துக் கம்பெனிகளே சில ஊசி வாங்கினால் சில ஊசி இலவசம் என்று திட்டம் வைத்திருப்பதுண்டு, டாக்டர் மூலம்தான் கிடைக்கும், வாய் திறந்து கேளுங்கள்.

ஊசிக்கு வழியே இல்லை என்றால்? கையை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மெத்தோட்ரெக்சேட் அளவைக் கூட்டலாம், மாத்திரையை விட்டு அதையே தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றலாம். டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை மூட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும், நம் ஊர் கம்பெனிகள் செய்வதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் அதற்கும் டி.பி. டெஸ்ட் உண்டு, அக்கி வரும் வாய்ப்பு கூடும், புகை பிடிப்பவர், இதயக் கோளாறு உள்ளவர், வயதானவர் என்றால் தயங்குவேன். அப்ரெமிலாஸ்ட் இருக்கிறது, பாதுகாப்பானது, டி.பி. பயம் இல்லை, ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு படுத்தும். ஆனால் எலும்பு அரிப்பை நிறுத்துமா என்ற கேள்விக்கு அதனிடம் நல்ல பதில் கிடையாது, உங்கள் மாதிரி விரலுக்கு அதை நான் நம்பி விடமாட்டேன்.

மாமியாரோடு சண்டை போட வேண்டாம். வெட்பாலைத் தைலம் நானும் பார்த்திருக்கிறேன், நிலக்கரியைவிடக் கறுப்பான எத்தனையோ தைலங்களுக்கு அது எவ்வளவோ மேல். செதில் இளகும், வறட்சி குறையும், லேசான சோரியாசிஸில் சிலருக்கு நன்றாகவே அடங்கும். தோலில் தடவிக்கொள்ளுங்கள், புண்ணாக இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். ஆனால் வெளியே தடவும் எண்ணெய் மூட்டுக்குள் போய் எலும்பு அரிப்பை நிறுத்தாது, அதை மாமியாருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், பஸ்பம் எதையும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள்.

மகளைப் பற்றி: சோரியாசிஸ் தொற்று இல்லை, உங்கள் துண்டில் துடைத்தாலும் தட்டில் சாப்பிட்டாலும் வராது. பரம்பரையில் ஒரு சாயல் உண்டு என்பது நிஜம், ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. வராமல் தடுக்க மருந்தும் இல்லை, எனவே அவளுக்கு இப்போது டெஸ்ட் ஒன்றும் தேவையில்லை. தலையில் விடாமல் தடித்த செதில் வந்தால் பொடுகு என்று விட்டுவிடாமல் காட்டுங்கள், அது போதும். பத்தாவது பரீட்சை வருடத்தில் அவளை இதில் இழுக்காதீர்கள்.

ஊசி ஆரம்பித்தால் என்ன எதிர்பார்க்கலாம்? தோல்தான் முதலில் பேசும், இன்டர்லூக்கின் 17 வகையில் சில வாரத்திலேயே செதில் உதிர்வது குறையும், படுக்கையை உதறுகிற வேலை மிச்சம். விரல் மெதுவாகத்தான் வரும். மூன்று மாதம் கொடுங்கள், ஆறு மாதம் வரை பார்த்துத்தான் பலித்ததா இல்லையா என்று தீர்ப்பு சொல்வோம். பலிக்கவில்லை என்றால் வேறு சேதியைப் பிடிக்கும் ஊசிக்கு மாறலாம், ஒன்று தோற்றால் எல்லாமே தோற்றது என்று இல்லை. உடம்பு எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே ஊசி நன்றாக வேலை செய்கிறது, குதிகாலுக்கும் நிம்மதி.

ஊசியை நீங்களே தொடையிலோ வயிற்றிலோ போட்டுக்கொள்ளலாம், ஒருமுறை நர்ஸ் காட்டிக் கொடுத்தால் போதும். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துபோனால் குப்பைதான். கதவுப் பக்கம் பால் பாக்கெட்டோடு வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். கோவையில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவருவதானால் ஜெல் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் கேட்டு வாங்குங்கள். போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும்.

டாக்டரிடம் அடுத்த தடவை போகும்போது அண்ணனுடைய டி.பி. சிகிச்சைச் சீட்டு, அவருக்கு சாதாரண டி.பி.யா, மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யா என்ற விவரம், உங்கள் பழைய எக்ஸ்ரே, கை இரண்டுக்கும் புதிதாக ஒரு எக்ஸ்ரே, இ.எஸ்.ஐ. கார்டு எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். அந்த வெள்ளை மாத்திரையின் அட்டை வீட்டில் எங்காவது கிடக்கும், தேடி எடுத்து அதையும் அதே கவரில் போடுங்கள்.